குழந்தையை மட்டும் அழைத்து வராதீர்கள்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'குழந்தைகளின் மனச்சிக்கல்களும் சிகிச்சை முறைகளும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். முறைகளின் பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டுப் போவதென்றால் பத்து நிமிடம் போதும். வீட்டுக்குப் போவதற்குள் அவை மறந்தும் போகும். ஆகவே நான் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். கடந்த நூறு ஆண்டுகளில் இந்தத் துறையில் நிலைத்து நின்ற சிகிச்சைகளில் பலவும், குழந்தையைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் அன்றாடம் செய்கிற சில காரியங்களை மாற்றித்தான் பலன் தந்திருக்கின்றன. இதைச் சொன்னதும் பெற்றோர் முகம் வாடிவிடும். "அப்படின்னா தப்பு எங்க மேலயா?" என்று கேட்பார்கள். இல்லை. அந்த 'இல்லை'க்கும் இந்த உரையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எங்களைப் போன்ற சிகிச்சையாளர்களிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பேச்சைத் தொடங்குவார்கள். "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. நாங்க வெளியில உக்காந்திருக்கோம்." வீட்டில் சரியாக ஓடாத மிக்ஸியைக் கடையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் வாங்கிக்கொள்வதைப் போல. அன்பில் குறை வைத்து யாரும் இப்படிச் செய்வதில்லை. காய்ச்சல் என்றால் டாக்டர் குழந்தையைத்தானே பார்க்கிறார், மனக்கஷ்டத்துக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைக்கிறார்கள்.

குழந்தைகளின் மனக்கஷ்டம் பெரியவர்களுடையதைப் போலத் தெரியாது. 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்லாது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வயிறு வலிக்கும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அந்த வலி நடிப்பும் இல்லை. பயந்தால் குடல் இறுகும் என்பது உடலின் இயல்பு. படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்ப வரும். தம்பி பிறந்த பிறகு அக்கா மறுபடி மழலை பேசுவாள். பதின்ம வயதுப் பையன் துக்கத்தைக் கோபமாகக் காட்டுவான். 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர். ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த மூவரின் முகமும் உங்களுக்கு இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும்.

1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் உளவியலாளர் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சிகிச்சை தொடங்கியபோது பீட்டருக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. வெள்ளை முயலைக் கண்டால் அலறுவான். எலி, கம்பளி, பஞ்சு, இறகு எல்லாமே அவனுக்குப் பயம். ஜோன்ஸ் அவனை நாற்காலியில் உட்காரவைத்துப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தார். அவன் தின்னும்போது கூண்டோடு முயலை அறையின் மறுகோடியில் வைத்தார். அழாமல் தின்கிறானா, அடுத்த முறை சற்று அருகில். முயலைக் கண்டு பயப்படாத வேறு சில குழந்தைகளும் அறையில் விளையாடுவார்கள், அவனும் பார்ப்பான். நடுவில் பீட்டர் உடம்புக்கு முடியாமல் மருத்துவமனையில் இருந்தான். திரும்புகிற வழியில் பெரிய நாய் ஒன்று பாய்ந்துவிட, பயமெல்லாம் பழையபடி வந்துவிட்டது. ஜோன்ஸ் முதலிலிருந்து தொடங்கினார். கடைசியில் முயல் அவன் விரலைக் கடித்துப் பார்க்கும் அளவுக்கு அவன் பழகிவிட்டான். இன்றைக்கு நாய்க்கும் ஊசிக்கும் இருட்டுக்கும் பயப்படும் குழந்தைகளுக்கு நாங்கள் செய்வதன் அடிப்படை இதுதான்: சின்னச் சின்னப் படியாகப் பயத்தை நெருங்குவது.

இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. பீட்டர் வீட்டுக்குப் போனான். வீடு கஷ்டத்தில் இருந்தது. பிள்ளையை அடக்குவதற்கு அவன் அம்மா கையாண்ட வழி பயமுறுத்தல்: உள்ளே வராவிட்டால் யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சொல்வார். இதைக் கேட்டதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது அல்லவா? "பூச்சாண்டி வர்றான்", "போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்", "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்வேன்." ஆய்வுக்கூடத்தில் மாதக்கணக்கில் களைந்த பயத்தை வீட்டில் தினமும் புதிதாக விதைத்துக்கொண்டிருந்தால் சிகிச்சை எங்கே நிற்கும்? ஜோன்ஸ் இதை எழுதிவைத்தார். வீட்டையும் சேர்த்து மாற்றுவதை ஒரு முறையாக வளர்த்தெடுக்க இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

அதே காலத்தில் ஐரோப்பாவில் விளையாட்டின் வழியாகக் குழந்தைகளை அணுகும் முயற்சி நடந்தது. மெலனி க்ளைன், அன்னா ஃபிராய்டு இருவரும் அதில் பெரிய பெயர்கள். இருவருக்கும் இடையே சண்டையும் பெரிது. லண்டனில் மார்கரெட் லோவன்ஃபெல்டு என்ற குழந்தை மருத்துவர் மணல் நிரப்பிய தட்டையும், பெட்டி நிறையக் குட்டிக் குட்டி மனிதர், மிருகம், வீடு, வண்டிப் பொம்மைகளையும் வைத்தார். குழந்தை தனக்கென ஓர் உலகத்தை மணலில் அமைக்கும். வாயால் சொல்லத் தெரியாததைக் கையால் சொல்லும். அமெரிக்க உளவியலாளர் வர்ஜினியா ஆக்ஸ்லைன் 1947இல் எழுதிய நூலில் விளையாட்டுச் சிகிச்சைக்கு எட்டுக் கோட்பாடுகளை வகுத்தார். சாரம் இதுதான்: குழந்தை வழிகாட்டட்டும், பெரியவர் பின்தொடரட்டும், அவசரப்படுத்தாதே, தேவையான கட்டுப்பாட்டை மட்டும் வை. மணலில் அப்பா பொம்மையைப் புதைத்த குழந்தையைப் பார்த்து, 'அப்பா மேல் வெறுப்பு' என்று அங்கேயே முடிவு கட்டுகிறவர் நல்ல சிகிச்சையாளர் அல்லர். பொறுத்திருந்து, அடுத்த வாரம் அந்தப் பொம்மை வெளியே வருகிறதா என்று பார்ப்பவர்தான் நல்லவர்.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் சிகிச்சை அறையில் குழந்தை இருப்பது ஒரு மணிக்கும் குறைவு. மீதியெல்லாம் வீடும் பள்ளிக்கூடமும்தான். அமெரிக்காவில் பெர்னார்டு கர்னி, லூயிஸ் கர்னி தம்பதியர் 1960களில் இந்தக் கணக்கைப் போட்டார்கள். விளையாட்டுச் சிகிச்சையை நாம் செய்வதைவிடப் பெற்றோருக்கே கற்றுக்கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். அங்கிருந்து கிளம்பிய பாதையில் இன்று நன்கு ஆராயப்பட்டு நிற்பது, ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சை. இரண்டு முதல் ஏழு வயது வரையிலான, சொன்ன பேச்சுக் கேட்காத, அடிக்கிற, பொருளை உடைக்கிற பிள்ளைகளுக்கானது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் கையோடு வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடியது.

அம்மாவும் குழந்தையும் ஓர் அறையில் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறார்கள். ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் சிகிச்சையாளர். அம்மாவின் காதில் சிறு ஒலிக்கருவி. சிகிச்சையாளர் பேசுவது அவருக்கு மட்டும் கேட்கும். முதல் கட்டத்தில் அம்மாவுக்கு மூன்று தடை. கேள்வி கேட்கக்கூடாது, கட்டளை இடக்கூடாது, குறை சொல்லக்கூடாது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். முயன்று பாருங்கள். "என்ன செய்யற?" – கேள்வி. "அந்தச் சிவப்பை இங்க வை" – கட்டளை. "அப்படி வைக்காத, விழுந்துரும் பாரு" – குறை. பத்து விநாடிக்குள் மூன்றும் முடிந்துவிடும். இவற்றை எடுத்துவிட்டால் பேசுவதற்கு என்ன மிச்சம் என்று பெற்றோர் திகைப்பார்கள்.

மிச்சம் நிறைய இருக்கிறது. குழந்தை செய்வதை வர்ணிக்கலாம்: "சிவப்புக் கட்டை மேல நீலத்தை வைக்கிற." குழந்தை சொன்னதையே திருப்பிச் சொல்லலாம்: "இது ரயில்" என்றால், "ஓ, இது நீளமான ரயில்." எதற்காகப் பாராட்டுகிறோம் என்று பெயர் சொல்லிப் பாராட்டலாம்: "குட் பாய்" என்று பொதுவாகச் சொல்லாமல், "விழுந்தாலும் கோவப்படாம மறுபடி அடுக்குற பாரு, அது எனக்குப் பிடிச்சிருக்கு." அம்மா தேறிவிட்டார் என்பதற்கு ஓர் அளவுகோலும் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் பெயர் சொல்லிப் பாராட்டுவது பத்து, திருப்பிச் சொல்வது பத்து, வர்ணிப்பது பத்து. தடை செய்த மூன்றும் சேர்ந்து மூன்றைத் தாண்டக்கூடாது. வீட்டில் தினம் ஐந்து நிமிடம் பயிற்சி. அதன் பிறகுதான் இரண்டாம் கட்டம்: தெளிவான, சின்னக் கட்டளை கொடுப்பதும், கேட்காவிட்டால் அடிக்காமல், கத்தாமல், முன்பே சொன்ன விளைவை நிறைவேற்றுவதும். வரிசை முக்கியம். உறவு முதலில், ஒழுங்கு பிறகு.

இந்த இரண்டாம் கட்டம் ஏன் வேண்டும் என்பதை அமெரிக்காவின் ஆரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற உளவியலாளர் வீடுகளுக்கே ஆட்களை அனுப்பிக் கவனித்துக் கண்டுபிடித்தார். கடையில் குழந்தை சாக்லேட் கேட்கிறது. அம்மா மறுக்கிறார். குழந்தை அழுகிறது, புரள்கிறது. நாலு பேர் பார்க்கிறார்கள். அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுதால் கிடைக்கும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அம்மாவும் கற்றுக்கொள்கிறார். இருவருக்கும் அந்த நேரத்துக்கு லாபம். அடுத்த முறை அழுகை இன்னும் கொஞ்சம் உரக்க வரும், அதட்டலும் உரக்க வரும். யாரும் கெட்டவர் இல்லாமலே ஒரு வீடு போர்க்களமாவது இப்படித்தான்.

இனி, பிள்ளை பெற்றோரைப் பிரிந்திருப்பது பற்றி. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்தபோது, குழந்தைகளை நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் கவனித்தது என்னவென்றால், அம்மாவோடு இருந்து குண்டுச் சத்தம் கேட்ட குழந்தைகளைவிட, பாதுகாப்பான இடத்தில் அம்மாவைப் பிரிந்திருந்த குழந்தைகள் அதிகம் தவித்தார்கள். போருக்குப் பிறகு மனநல மருத்துவர் ஜான் போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை இந்தப் பிரிவைத்தான் பேசியது. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் ஒரு படம் எடுத்தார். இரண்டரை வயதுச் சிறுமி சின்ன அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் தனியே இருக்கிறாள். அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. நாளுக்கு நாள் அடங்கிப்போகிறாள். 'நன்றாகப் பழகிவிட்டாள்' என்று மருத்துவமனை நினைக்கிற அடக்கம் அது. படத்தைப் பார்த்த மருத்துவர்கள் சிலர் கோபப்பட்டார்கள். 1959இல் பிரிட்டனில் பிளாட் என்ற அரசுக் குழு, மருத்துவமனையில் இருக்கும் பிள்ளையைப் பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

நம் பொது மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் அம்மா கட்டிலோரம் பாய் விரித்துப் படுத்திருப்பதை நாம் வசதிக் குறைவாகவே பார்க்கப் பழகிவிட்டோம். நம் நாட்டில் அதுவே சிகிச்சை முறையானதும் உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் குடும்பத்தினரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் குடும்பத்தை உடன் தங்கவைப்பதைத் தன் வழக்கமாக்கியது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தால் அவருடைய பிரதிநிதியோ, அந்தப் பிரதிநிதி அமர்த்தும் துணையாளரோ உடன் தங்க வேண்டும் என்கிறது.

இப்போது குடும்பச் சிகிச்சைக்கு வருவோம். அதன் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினூச்சின், அர்ஜென்டினாவில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில், நகரத்துச் சேரிகளிலிருந்து வந்த, சட்டத்தோடு மோதிய சிறுவர்களுக்கான வில்ட்விக் என்ற பள்ளியில் வேலை பார்த்தார். அங்கே தேறுகிற பையன்கள் வீட்டுக்குப் போனதும் பழையபடி ஆவதைக் கண்டு, வீட்டையே அறைக்குக் கூப்பிடத் தொடங்கினார். 1967இல் அது 'சேரிக் குடும்பங்கள்' பற்றிய நூலானது. நூல் வருவதற்கு முன்பே அவர் பிலடெல்பியா குழந்தை வழிகாட்டல் மையத்தின் தலைவராகியிருந்தார். சாப்பிட மறுத்து உடல் உருகிய பெண்பிள்ளைகளின் குடும்பத்தோடு மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டை நடுவில் வைத்துக்கொண்டே சிகிச்சை நடத்தினார். குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதைவிட, அது நடப்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினார்.

நம் வீட்டில் இது எப்படி இருக்கும்? ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்து வயதுப் பையன், ராத்திரி பன்னிரண்டு மணி வரை போன். அப்பா, "இனிமே போன் கிடையாது" என்பார். அம்மா அப்பாவுக்கு எதிரில் தலையாட்டுவார். அப்பா ஷிஃப்டுக்குப் போனதும், "புள்ள ஏங்கிப் போயிரும், குடுடி" என்று பாட்டி சொல்ல, போன் கைக்கு வரும். சிகிச்சையாளர், "நீங்க ரெண்டு பேரும் இப்பவே, இங்கயே பேசி, எத்தனை மணி வரைன்னு முடிவு பண்ணுங்க" என்று அப்பா அம்மாவின் நாற்காலியை எதிரெதிரே திருப்பிப் போடுவார். அப்பா இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பையன் குறுக்கே பதில் சொல்வான். அல்லது பாட்டி சொல்வார். சிகிச்சையாளர் கையமர்த்துவார். "பாட்டிம்மா, உங்க பேரன் மேல உங்களுக்கு இருக்கிற பிரியம் எனக்குத் தெரியுது. இதுங்க ரெண்டும் முடிவெடுக்கிற வரைக்கும் நீங்களும் நானும் வேடிக்கை பார்க்கலாமா?" பாட்டியை அவமானப்படுத்தாமல் ஓரமாக உட்காரவைப்பதுதான் வேலையின் நுட்பம். பாட்டியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வாரம் யாரும் வரமாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கம் நின்று எடுத்த முடிவு, எட்டரை மணியோ ஒன்பது மணியோ, பையனுக்கு முதலில் எரிச்சலைத் தரும். பிறகு நிம்மதியைத் தரும். பெரியவர்களுக்கு நடுவே நின்று நடுவர் வேலை பார்ப்பது பிள்ளைகளுக்குச் சுமை.

மினூச்சின் குடும்பத்தை அறைக்குள் அழைத்தார். குழந்தையே வரவேண்டாம் என்கிற சிகிச்சையும் இன்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் என்ற உளவியலாளர் பதற்றமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக ஒரு முறையை அமைத்தார். பள்ளிக்குப் போக வயிறு வலிக்கிற பிள்ளைக்காக வீடு என்னென்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் தொடக்கம். லீவு லெட்டர் எழுதித் தருகிறது. பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. ஒரே கேள்விக்கு இருபது முறை, "ஒண்ணும் ஆகாது கண்ணு" என்று பதில் சொல்கிறது. ஒவ்வொன்றும் அன்பால் செய்வதுதான். ஆனால் 'நீ தாங்கமாட்டாய்' என்ற செய்தி ஒவ்வொன்றிலும் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. இந்தச் சிகிச்சையில் பெற்றோர் முதலில் பிள்ளையிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகுவார்கள்: "உனக்கு நிஜமாவே பயமா இருக்குன்னு எனக்குத் தெரியும். அதைத் தாங்குற தெம்பு உன்கிட்ட இருக்குன்னும் தெரியும்." முதல் பாதி இல்லாமல் இரண்டாம் பாதி மட்டும் சொன்னால் அது அதட்டல். இரண்டாம் பாதி இல்லாத முதல் பாதி வெறும் பரிதாபம். அதன்பின் ஒரே ஒரு சலுகையைத் தேர்ந்து, முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறைப்பார்கள். 124 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பாதிக்கு, குழந்தையிடமே எண்ணங்களையும் பயத்தையும் கையாளும் அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சை. மறு பாதியில் பெற்றோரை மட்டுமே சந்தித்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் இரு பக்கமும் பலன் சமமாக இருந்தது.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் மைக்கேல் வைட் என்ற குடும்பச் சிகிச்சையாளர் இன்னொரு வழியைப் பிடித்தார். சபை நாகரிகம் கருதி மெல்லச் சொல்கிறேன்: விவரம் தெரிந்த வயதிலும் உடையிலேயே மலம் கழித்துவிடுகிற சிறுவர்கள். வீடு வெட்கத்திலும் கோபத்திலும் வெந்துகொண்டிருக்கும். வைட் அந்தச் சிக்கலுக்கு ஒரு திருட்டுப் பேர்வழியின் பெயரைச் சூட்டினார். 'அவன் உன்னை எப்படி ஏமாற்றுகிறான்? அம்மாவையும் உன்னையும் எப்போது சண்டை மூட்டிவிடுகிறான்? நீ அவனை ஏமாற்றிய நாள் உண்டா?' என்று கேட்டார். குற்றவாளிக் கூண்டில் நின்ற பையன் வீட்டாரோடு சேர்ந்து துப்பறியும் ஆளாகிவிடுவான். கோபத்துக்கும் பயத்துக்கும் நம் பிள்ளைகளோடு இதே விளையாட்டை ஆடலாம். பிள்ளை வேறு, பிரச்சினை வேறு என்று வீடு பார்க்கத் தொடங்கினாலே பாதி வெப்பம் தணியும்.

போரும் பேரிடரும் தின்ற ஊர்களில் என்ன செய்வது? ஈழத்துத் தமிழ்க் குழந்தைகள் இதற்குக் கொடுத்த விலை பெரிது. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி மனிதரைத் தாண்டிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் ஏற்படுகிற கூட்டுக் காயத்தைப் பற்றி எழுதினார். ஊரோடு சேர்த்தே ஆற்ற வேண்டும் என்றார். மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் குழந்தைகள் அங்கே களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள். ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கில் 31 குழந்தைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் தம் வாழ்க்கைக் கதையை, பயங்கரத்தையும் உள்ளிட்டு, முதலிலிருந்து கோவையாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றார்கள். ஆறே அமர்வு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்து இரு பிரிவிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள்.

அதே ஆய்வாளர்கள் 296 தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய இன்னோர் ஆய்வை நான் முக்கியமாக நினைக்கிறேன். போரை அதிகம் கண்ட குழந்தைகள், அப்பா குடிக்கிற வீட்டுக் குழந்தைகள், இவர்கள்தான் வீட்டுக்குள்ளும் அதிகம் அடிபட்டிருந்தார்கள். போர் வாசலோடு நின்றுவிடவில்லை. அப்பாவின் குடிக்கு வழி பார்க்காமல் பிள்ளையின் கெட்ட கனவுக்கு மட்டும் சிகிச்சை செய்வதில் பொருளில்லை என்பதை டாஸ்மாக் உள்ள ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பழைய கேள்வி. தப்பு யார் மேல்? இந்தத் துறைக்கு இதில் ஒரு கறை உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் தாய்மார் அன்பில்லாத குளிர்பதனப் பெட்டிகள் என்று சொல்லிவந்தார்கள். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967இல் ஒரு நூல் எழுதி அதைப் பரப்பினார். ஒரு தலைமுறைத் தாய்மார் குற்ற உணர்வில் வெந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையான உளவியலாளர் பெர்னார்டு ரிம்லண்ட், அது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964லேயே நூல் எழுதி வாதாடியிருந்தார். அவர் சொன்னதே சரியென்று ஆனது. ஆட்டிசத்துக்குப் பெற்றோர் காரணம் இல்லை. ஆனால் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வு என்ன காட்டியது? மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற பணியாளர்கள், பெற்றோர் பிள்ளையோடு விளையாடும் காணொளியைப் பெற்றோருக்கே போட்டுக்காட்டிப் பயிற்சி தந்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கைப் பார்த்துப் பதில் தரப் பழகினார்கள். பிள்ளைகள் தாமாகப் பெற்றோரோடு தொடர்புகொள்ளத் தொடங்குவது கூடியது. காரணம் யார் என்பது ஒரு கேள்வி. மாற்றத்தை எங்கிருந்து தொடங்கலாம் என்பது வேறொரு கேள்வி. பிறவியிலேயே பதறும் இயல்போடு பிறந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். பெற்றோரை நாங்கள் உள்ளே கூப்பிடுவது விசாரணைக்கு அல்ல. எங்களைவிட அவர்கள் கைக்கு எட்டுவது அதிகம், அதனால்தான்.

விதிவிலக்குகளை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே ஒருவர் குழந்தையைப் பாலியல் ரீதியாகவோ அடித்தோ துன்புறுத்துகிறார் என்றால், அவரையும் குழந்தையையும் ஒரே அறையில் உட்காரவைத்துச் சமரசம் பேசுவது சிகிச்சை இல்லை, இன்னொரு கொடுமை. முதலில் பாதுகாப்பு. பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதைச் சிகிச்சையாளர் ரகசியமாக வைத்திருக்க முடியாது. இப்படிப்பட்ட மனக்காயத்துக்கான சிகிச்சையில், துன்புறுத்தாத பெற்றோர் உடன் கற்பார். பிள்ளை தன் கதையை அவரிடம் சொல்லும் நாளுக்காக அவரும் தயாராவார். இரண்டாவது: கடுமையான மனச்சோர்வு, மாயக் குரல்கள், உண்ணாமல் மெலிவது, சாவைப் பற்றிய பேச்சு — இவற்றுக்கு மனநல மருத்துவர் உடனே வேண்டும், மருந்தும் வேண்டியிருக்கலாம். 'சும்மா மிரட்டுறான்' என்று தள்ளாதீர்கள். டெலி மானஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. இலவசம்.

பயந்த கோளாறு என்று பாட்டி சொல்லி, சாயங்காலம் மசூதி வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று ஓதி ஊதிக்கொண்டு வருகிற வழக்கம் நம்மிடம் மதம் கடந்து இருக்கிறது. நான் அதைத் தடுப்பதில்லை. அதோடு நின்றுவிடாதீர்கள் என்று மட்டும் சொல்வேன். தனியாரிடம் போவதென்றால், 'குழந்தைகளோடு என்ன பயிற்சி? எங்களோடு எத்தனை முறை பேசுவீர்கள்? முன்னேற்றம் என்று எதை வைத்துச் சொல்வோம்?' என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கும்; கேட்பதில் தவறில்லை. பிள்ளை தனியாகச் சொன்னதை எல்லாம் உங்களிடம் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். ஆபத்து என்றால் நாங்களே சொல்வோம். அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஃபீஸ் கட்டுவதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஒரு முறையாவது அரைநாள் லீவு போட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, இது வீட்டோடு முடிகிற காரியமும் இல்லை. இவ்வளவு பெரிய நாட்டில் குழந்தை மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கிறார்கள். ஆனால் இன்று நான் சொன்ன முறைகளில் சிலவற்றைப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் செய்ய முடியும் என்று வடகிழக்கு இலங்கையும் கோவாவும் காட்டியிருக்கின்றன. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கூடும்போது குடிநீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றித் தீர்மானம் போடுகிறோம். அந்தத் தாளில் இன்னொரு வரியையும் எழுதச் சொல்லுங்கள்: பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் குழந்தைகளின் மனக்கஷ்டத்தைக் கையாளும் பயிற்சி ஆண்டுக்கு இரண்டு முறை வேண்டும், மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து ஆள் அனுப்ப வேண்டும். கேட்காத வரை வராது. நாலு பள்ளிகள் சேர்ந்து கேட்டால், அனுப்ப ஆள் இல்லை என்றாவது எழுத்தில் பதில் வரும். ஆள் போடச் சொல்லி அடுத்த மனுவைக் கொடுப்பதற்கு அந்தத் தாள் போதும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.